சேராத கல்லூரியில் கிடக்கும் சாதிச் சான்றிதழ்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நான்காவது நாள் அக்காவின் போன் அடித்தது. பேசிய பெண் குரலில் அவ்வளவு மரியாதை. "மேடம், பாப்பா பயோ-மேத்ஸ் தானே? நல்ல மார்க் எடுத்திருக்காங்க. எங்க காலேஜ்ல பயோடெக், அக்ரி ரெண்டுலயும் சீட் இருக்கு. ஹாஸ்டல் ஃபீஸ்ல பார்த்துப் பண்ணித் தருவாங்க" என்றார். அந்தக் கல்லூரிக்கு நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. அக்காவுக்கு முதலில் பெருமைதான், மகளின் மார்க் அதற்குள் ஊர் தாண்டிப் போய்விட்டதே என்று. அடுத்த இரண்டு வாரத்தில் இப்படி நாற்பது அழைப்புகள் வந்திருக்கும். பெருமை போய், போனைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது.

யார் கொடுத்த நம்பர் இது? ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். பள்ளிக்கூடம், டியூஷன் சென்டர், பிரவுசிங் சென்டர், விண்ணப்பம் போட்ட மூன்று கல்லூரிகள், அப்புறம் ஒரு கல்விக் கண்காட்சியில் இலவசப் பேனாவுக்கும் துணிப்பைக்கும் ஆசைப்பட்டு நிரப்பிக் கொடுத்த அட்டை. மொத்தம் ஏழு இடம். எங்கே கசிந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த ஏழில் சட்டப்படி கணக்குக் கேட்கக்கூடியவை என்று பார்த்தால் அந்த மூன்று கல்லூரிகள்தான் முதலில் நிற்கின்றன. ஒரு கல்லூரி விண்ணப்பதாரரிடம் என்னென்ன வாங்குகிறது, வாங்கியதை எங்கே வைக்கிறது, எப்போது விடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, மதம், சமூகப் பிரிவு, அதற்குள் சாதி, தாய்மொழி, அப்பா அம்மா பெயர், அவர்கள் தொழில், ஆண்டு வருமானம், வீட்டு முகவரி, இரண்டு போன் நம்பர், ஆதார், பள்ளிக்கூடம் கொடுத்த எமிஸ் என்ற மாணவர் அடையாள எண், மதிப்பெண்கள், மாற்றுத்திறனாளியா, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளையா, முதல் பட்டதாரியா, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியா. சில தனியார் கல்லூரிகள் ரத்த வகை வரைக்கும் கேட்கின்றன. கல்யாணத் தரகர்கூட இத்தனை கேட்கமாட்டார்.

ஆனால் இதில் பெரும்பகுதிக்குக் காரணம் இருக்கிறது. இங்கே 69 சதவீத இட ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. யார் எந்தப் பிரிவு என்று தெரியாமல் சீட் பிரிக்க முடியாது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உண்டு, அதற்குப் படித்த பள்ளிகளின் விவரம் வேண்டும். பொறியியல் கவுன்சிலிங்கில் இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் எடுத்தால் கணிதம், இயற்பியல் என்று தொடங்கி மதிப்பெண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சமமாக இருந்தால் பிறந்த தேதிக்குப் போகிறார்கள். அதுவும் ஒன்றானால்தான் ரேண்டம் எண். ஆக, பிறந்த தேதிக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. இதையெல்லாம் கேட்கக்கூடாது என்று சொல்பவர்கள் சமூக நீதி எப்படி நடக்கிறது என்று யோசிக்காமல் சொல்கிறார்கள்.

சிக்கல், கேட்ட காரணம் தீர்ந்த பிறகு தொடங்குகிறது. ஒதுக்கீட்டுக்குத் தேவை 'மி.பி.வ.' என்ற மூன்றெழுத்து. சான்றிதழ் உண்மையா என்று பார்க்க அதன் எண் போதும், இ-சேவை வழியாக வாங்கிய சான்றிதழை ஆன்லைனிலேயே சரிபார்க்கலாம். ஆனால் சான்றிதழில் இருக்கும் சாதியின் முழுப்பெயர் அலுவலகத்தில் எக்செல்லில் ஏறுகிறது. அங்கிருந்து துறைக்குப் போகிறது, துறையிலிருந்து வகுப்பு ஆசிரியரிடம் போகிறது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பிக்கவேண்டிய மாணவர்களின் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள், யார் எந்தச் சாதி என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். நாங்குநேரியில் சாதி வெறியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் எதுவும் இருக்கக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தப் பரிந்துரையை யாரும் 'தரவுப் பாதுகாப்பு' என்று அழைக்கவில்லை. எனக்கு அது தரவுப் பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. அட்மிஷனுக்காகச் சொன்ன சாதி அட்மிஷன் மேஜையோடு நிற்க வேண்டும் என்பதுதானே அதன் சாரம்.

ஆதார் கதையும் இதே மாதிரிதான். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று கொடுத்த ஆதார் தீர்ப்பில், சி.பி.எஸ்.இ., நீட், ஜே.இ.இ., யு.ஜி.சி. போன்றவை ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. அரசுப் பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகும் திட்டங்களில் கேட்கலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருவதற்கு ஆதாரும் வங்கிக் கணக்கும் வேண்டும், சரி. ஆனால் அந்தப் பணம் வாங்கப் போவது கல்லூரியில் சேர்ந்த மாணவர். விண்ணப்பித்த அத்தனை பேருமல்ல. 300 சீட்டுக்கு 4000 பேர் விண்ணப்பிக்கிற கல்லூரி ஒன்று விண்ணப்பத்திலேயே ஆதார் நகலை வாங்கினால் என்ன ஆகும்? தேவையே இல்லாத 3700 ஆதார் நகல்கள் அதன் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். சேர்ந்த பிறகு கேட்கவேண்டியதை முன்கூட்டியே கேட்டு வைப்பது ஆபீஸ் வேலையைச் சுலபமாக்கும். கல்லூரிகள் அப்படிச் செய்வதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆதார் நகல் விஷயத்தில் அரசே ஒரு முறை தடுமாறியது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அறிவிப்புதான் போனது, மறைத்த ஆதார் வசதி இன்றும் இருக்கிறது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் யு.ஜி.சி., பட்டச் சான்றிதழிலும் புரொவிஷனல் சான்றிதழிலும் ஆதார் எண்ணை அச்சிடக்கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது. ஃபிரேம் செய்து வரவேற்பறையில் மாட்டுகிற காகிதத்தில் ஆதார் நம்பர் போடக்கூடாது என்பதைக் கடிதம் எழுதித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

கல்லூரிக்குள் வருவதற்கு முன் விண்ணப்பம் தங்கும் இன்னொரு இடத்தையும் பார்த்துவிடலாம். அக்கா மகளுக்கு அரசுக் கல்லூரி விண்ணப்பம் போட்டது எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில். கட்டணம் மொத்தமே 50 ரூபாய்தான், 48 விண்ணப்பத்துக்கு, 2 பதிவுக்கு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். சென்டர்காரர் கூலி தனி. அவர் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 17' என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டார். பக்கத்தில் 1 முதல் 16 வரை திறந்தபடி கிடந்தன. அளவு அதிகம், 200 கே.பி.க்குள் வேண்டும் என்று தளம் அடம்பிடித்ததால், ஏதோ ஒரு இலவச வெப்சைட்டில் சாதிச் சான்றிதழை ஏற்றிச் சுருக்கி இறக்கினார். "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்றார். அக்கா ஆறு எண்ணையும் சத்தமாகச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ஓர் எண்ணைத் திருத்தியும் கொடுத்தார். யூசர் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் பில் புக்கின் பின்பக்கம் சென்டர்காரர் கையெழுத்தில் ஏறின. மறந்துவிட்டு வந்து கேட்பார்களாம், அதனால் அவரே எழுதி வைத்துக்கொள்கிறாராம். அவர் நல்ல மனிதர். அவரில்லாமல் எங்கள் தெருவில் பாதிப் பேர் காலேஜ் போயிருக்க மாட்டார்கள்.

இதற்குக் கல்லூரி என்ன செய்யும் என்று கேட்கலாம். விண்ணப்பம் ஆன்லைன் ஆனபோது நிரப்பும் வேலை ஆபீஸிலிருந்து தெருவுக்கு வந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அரசுக் கல்லூரிகளிலும் பொறியியல் கவுன்சிலிங்கிலும் உதவி மையங்கள் இருக்கின்றன. அங்கே போய் இலவசமாகவே விண்ணப்பிக்க உதவி பெறலாம். பிரவுசிங் சென்டர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கிறது. மக்கள் அங்கேதான் போவார்கள்.

கல்லூரிக்கு உள்ளே தரவு கசிய, பெரும்பாலும் ஹேக்கர் எவரும் வரவேண்டியதில்லை. கூகுள் ஃபார்ம் ஒன்றில் விவரம் வாங்குவார்கள். அதன் பின்னால் இருக்கும் ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மேடம் வீட்டிலிருந்து பார்க்க முடியாதே. 'அட்மிஷன் 2025' என்று வாட்ஸ்அப் குழு தொடங்கி விசாரித்தவர்களை எல்லாம் சேர்ப்பார்கள். ஒரே நொடியில் 200 பெண்பிள்ளைகளின் நம்பர் 200 பையன்களுக்குக் கிடைத்துவிடும். பல சுயநிதிக் கல்லூரிகளில் மே மாதம் வந்தால் ஆசிரியர்களே டெலிகாலர்கள். ஆளுக்கு ஒரு பட்டியல், ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று இலக்கு. பட்டியல் எங்கிருந்து வந்தது என்று உதவிப் பேராசிரியர் கேட்க முடியுமா? வேலை நிலைக்க வேண்டுமே. அக்காவிடம் மரியாதையாகப் பேசிய அந்தப் பெண்கூட ஒருவேளை எம்.ஃபில். முடித்தவராக இருக்கலாம்.

இதையெல்லாம் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதிலிருந்து ஆறு ஆண்டுகள் கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கல்லூரிகள் மாதிரி தரவு வாங்குபவர்கள் மீதான முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வரும். கூட்டிப் பாருங்கள், 2027 மே மாத நடுப்பகுதி. பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், போன்கள் கொதித்துக்கொண்டிருக்கும். திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள், ஆனால் இதைவிடப் பொருத்தமான வாரம் கிடைக்காது.

சட்டம் கேட்பது அடிப்படையில் எளிமையானது. எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும். விரும்பினால் அந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வசதி இருக்க வேண்டும். அரசியலமைப்பு அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இது பொருந்தும். சொன்ன காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். 'எல்லா நிபந்தனைகளையும் ஏற்கிறேன்' என்ற ஒற்றைக் கட்டத்தை டிக் அடிக்கவைத்து, அதற்குள்ளேயே கூட்டாளி நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கும் சம்மதம் வாங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. அட்மிஷன் சாஃப்ட்வேர் நடத்தும் கம்பெனி தவறு செய்தாலும் பொறுப்பு கல்லூரியினுடையதுதான், வெண்டரைக் கைகாட்டிவிட்டுப் போக முடியாது. தரவு வெளியே போய்விட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் வாரியத்திடம் கொடுக்க வேண்டும். போதிய பாதுகாப்பு இல்லாமல் விட்டதற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு நகராட்சிப் பகுதிக் கல்லூரிக்கு யாரும் 250 கோடி போடப் போவதில்லை. ஆனாலும் இந்த எண்ணைச் சொன்னால் தாளாளர் நிமிர்ந்து உட்காருவார்.

வயது விஷயம்தான் நிஜமான சங்கடம். ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போது 17. சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. குழந்தையின் தரவை வாங்குவதற்குச் சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும். பெற்றோர் என்று எப்படிச் சரிபார்ப்பது? அவரது அடையாள விவரத்தை வாங்கித்தான். பிள்ளையின் தரவைக் காப்பாற்ற அப்பாவின் தரவும் கூடுதலாகப் போகிறது. அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் அடையாளத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் டோக்கனை வைத்துச் செய்யலாம் என்று விதிகளில் ஒரு வழி இருக்கிறது, அது நடைமுறைக்கு வந்தால் நல்லது. கல்வி நிறுவனங்களுக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. கல்விச் செயல்பாடுகளுக்காகவோ, சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ அவர்களைக் கண்காணிக்கலாம். வருகைப் பதிவும் பஸ் ஜி.பி.எஸ்.சும் இதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். விசாரித்துவிட்டுப் போன 17 வயதுப் பெண்ணைத் துரத்தித் துரத்தி விளம்பரம் காட்டுவதை இந்தச் சலுகைக்குள் எப்படி அடக்குவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

விண்ணப்பதாரர் ஒரு விசித்திரமான ஆள். அவர் இன்னும் மாணவரில்லை, வெறும் வாடிக்கையாளர் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மாணவர் பதிவேடுகளைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே படித்தவர்களுக்கும் படிப்பவர்களுக்கும்தான், விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களுக்குக் கிடையாது. நம் சட்டம் அந்தப் பாகுபாடு பார்க்கவில்லை, தரவு யாருடையதோ அவருக்கு உரிமை. என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். வாங்கிய காரணம் முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, கேட்காமலேயே அழிக்க வேண்டியது கல்லூரியின் கடமை. ஆனால் அதே விதிகள் இன்னொரு மூலையில், அரசு கேட்டால் கொடுக்க வசதியாகக் குறைந்தது ஓராண்டு தரவை வைத்திருக்கவும் சொல்கின்றன. சரி, ஓராண்டு என்றே வைத்துக்கொள்வோம். இன்று எத்தனை கல்லூரிகளில் 2016-ஆம் ஆண்டு விண்ணப்பங்கள் அப்படியே கிடக்கின்றன?

காகிதமாகக் கிடந்தால் சட்டம் அதைத் தொடாது என்பது இதில் பெரிய ஓட்டை. டிஜிட்டலாக வாங்கியதற்கும், காகிதத்தில் வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியதற்கும்தான் இந்தச் சட்டம். இரும்பு பீரோவில் சணல் கட்டிக் கிடக்கும் விண்ணப்பக் கட்டு சட்டத்துக்கு வெளியே. அந்தக் கட்டு ஒருநாள் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கும்பகோணம் பக்கம் ஒரு டீக்கடையில் எனக்கு பஜ்ஜி வைத்துக் கொடுத்த காகிதத்தில் ஒரு பையனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. எண்ணெய் ஊறி முகம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. பக்கத்தில் 'குடும்ப ஆண்டு வருமானம்: 36,000'.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அட்மிஷன் விவரங்களை மூடி வைப்பது எல்லோருக்கும் நல்லதல்ல. தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் மீது மக்களுக்கு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம், தரவரிசை வெளிப்படையாக வருவதுதான். என்னைவிடக் குறைந்த கட்-ஆஃப் எடுத்தவருக்கு எந்தப் பிரிவில் எப்படிக் கிடைத்தது என்று எவரும் பார்க்கலாம். புதுச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது, அந்த மாற்றத்துக்கு 18 மாத அவகாசம்கூடக் கொடுக்கவில்லை, 2025 நவம்பரிலேயே அமலாகிவிட்டது. முன்பு அந்தப் பிரிவிலேயே பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலைக் கொடுக்கலாம் என்றிருந்தது. இப்போது தனிநபர் தகவலா, கிடையாது என்று ஒரே வரி. வேறொரு உட்பிரிவில் பொதுநலனுக்கு இடம் இருந்தாலும், கொடுக்க மனமில்லாத அலுவலர் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார். ஒரு கல்லூரி ஒதுக்கீட்டில் தில்லுமுல்லு செய்தால் 'மாணவர்களின் அந்தரங்கம்' என்று சொல்லியே பட்டியலை மறைக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. பட்டியலில் விண்ணப்ப எண், கட்-ஆஃப், பிரிவு, தரவரிசை போதும். தன் எண் தெரிந்தவர் தன்னைக் கண்டுபிடித்துக்கொள்வார், முறைகேட்டைத் தேடுபவருக்கும் அது போதும். பெயரும் போன் நம்பரும் எதற்கு? முன்பெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியல் இரண்டு மழையில் கரைந்துவிடும். இப்போது ஒட்டிய ஐந்தாவது நிமிடம் யாரோ போட்டோ எடுத்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அது எந்தக் காலத்திலும் கரைவதில்லை.

விண்ணப்பிக்கும் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அட்மிஷனுக்கென்று தனி ஈமெயில், முடிந்தால் தனி சிம். ஆதார் கேட்டால் முதலில் மறைத்ததைக் கொடுத்துப் பார்ப்பது. நகலில் 'இன்ன கல்லூரி சேர்க்கைக்கு மட்டும்' என்று தேதி போட்டுக் குறுக்கே எழுதுவது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்குவது. அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது, அந்த அறிவிப்பின் பிரிண்ட் அவுட் ஒன்று கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். தொல்லை அழைப்புகளுக்கு 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அக்கா மகள் கடைசியில் நான்காவதாக ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். சேராத மூன்றுக்கும் ஜூலையில் நான் ஈமெயில் அனுப்பினேன், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, சேர்க்கை முடிந்துவிட்டதால் இவரது விவரங்களையும் சான்றிதழ் நகல்களையும் அழித்துவிட்டுத் தெரிவிக்கவும் என்று. சட்டக் கடமை இன்னும் வரவில்லை என்று தெரியும், கேட்டுத்தான் பார்ப்போமே என்று. இரண்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது கல்லூரியிலிருந்து மறுநாளே பதில் வந்தது. "அன்புடையீர், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்த ஆண்டுக்கான சேர்க்கை நிறைவடைந்தது. தங்கள் விவரங்கள் எங்களிடம் பத்திரமாக உள்ளன, அடுத்த ஆண்டு சேர்க்கை தொடங்கியதும் தொடர்புகொள்கிறோம்."

சொன்னபடியே அடுத்த மே மாதம் கூப்பிட்டார்கள்.